போர்டில் மாறிய மாப்பிள்ளை

கீழ் மண்டப வாசல் போர்டில் 'விஷ்வா – ராஜப்ரியா' என்று பூ அலங்காரத்தோடு பெயர்கள் மின்னிக்கொண்டிருந்தன. விஷ்வாவுக்குப் பார்த்த பெண் அகிலா. ராஜப்ரியா மாடி மண்டபத்துப் பெண், அவளுக்கு மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன். மாடிப் போர்டிலோ முத்துக்கிருஷ்ணன் அகிலாவோடு மின்னிக்கொண்டிருந்தான்.

விடிந்தால் இரண்டு கல்யாணமும். வரவேற்புக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

அந்த போர்டுகளுக்கு மென்பொருள் எழுதிய வீரபாண்டியனைப் புதுவயலிலிருந்து அவசரமாக வரவழைத்திருந்தார் மண்டபத்துக்காரர் தேனம்மை ஆச்சி. அவரை முந்திக்கொண்டு வந்தார் ஐயனார். மாப்பிள்ளைகள் இருவரும் அவருடைய தம்பிமார் பிள்ளைகள்.

"எவனுக்கு எவள்னு முடிவு பண்ணினது நானு. உங்க மிஷினு யாரு தம்பி அதை மாத்த?"

வீரபாண்டியனுக்குக் கோபம் ஐயனார் மீது வரவில்லை, தன் நிரலின் மீது வந்தது. வீட்டார் போனில் அடித்து அனுப்பும் பெயர்களை ஒரே நிரல்தான் வாங்குகிறது. அதற்குள் போர்டுக்கு ஒன்றாக இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள். பெயரை வைத்துக்கொள்ள இரண்டுக்கும் ஒரே இடம். ஒன்று எழுதியதை மற்றது எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இடம் வேண்டும் என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

சேர்த்தான். எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இரண்டு போர்டும் அணைந்துபோயின.

"பேரு தப்பா இருந்தாலும் வெளிச்சமாவது இருந்துச்சு" என்றார் ஆச்சி.

திரையில் வந்த காரணத்தைப் படித்து வீரபாண்டியன் பல்லைக் கடித்தான். வேகமாக ஓடட்டும் என்று, தனி இடத்தை நிரல் தொடங்கும்போதே ஒதுக்கிவிடும்படி கம்பைலருக்கு என்றைக்கோ உத்தரவு போட்டிருந்தான். போர்டை இயக்கும் பகுதியோ நிரல் தொடங்கிய பிறகுதான் உள்ளே வரும். அதற்குள் ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது. கேட்கும்போது இடம் கொடு என்று உத்தரவை மாற்றினான். அப்படியும் போர்டு எரியவில்லை. ஒரே ஒரு கோப்பு பழைய உத்தரவோடு கிடந்திருக்கிறது. எல்லாக் கோப்பையும் சேர்த்துக் கட்டும் லிங்கர், அந்த ஒன்றுக்காக மொத்தத்தின் மீதும் பழைய முத்திரையைக் குத்திவிட்டது.

ஊர்ப்பட்ட கோப்பு ஒழுங்காக இருக்க, ஒன்றுக்காகவா இந்தத் தண்டனை என்று லிங்கரைப் பிடித்துத் திட்டினான். பக்கத்தில் நின்ற ஐயனார், தன்னைத்தான் சொல்கிறான் என்று சட்டைக்கையை மடக்கினார்.

அந்தக் கோப்பையும் திருத்தியதும் போர்டுகள் எரிந்தன. இரண்டிலும் 'மணமகன்: வீரபாண்டியன்' என்று வந்தது.

தனி இடம் கிடைத்த த்ரெட்கள், அதில் முதலில் இருந்ததையே காட்டின. முதலில் இருந்தது, சோதனைக்காக அவன் போட்டுவைத்த தன் பெயர். வந்த பெயர்களோ, அவற்றைப் போனிலிருந்து வாங்கும் மூன்றாவது த்ரெட்டின் இடத்தில் பத்திரமாக இருந்தன.

இரண்டு பெண்வீட்டாரும் அவனைத் தேடி வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த யாரோ இரண்டு போர்டையும் படம் பிடித்து அவன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா போனில் அழுதாள். ஒண்ணு பண்ணிக்கிறதையே சொல்லாம, ரெண்டு எதுக்குடா என்பது அவள் கேள்வி.

வீரபாண்டியன் போனை அணைத்துப் பையில் போட்டான். ஒவ்வொரு த்ரெட்டும் தன் பெயரைத் தானே வாங்கித் தன் இடத்தில் வைக்கும்படி எழுதினான். இரண்டு இடத்தின் முகவரியையும் திரையில் வரவழைத்துப் பார்த்தான். வேறு வேறு முகவரி. இனி கலக்க வழியே இல்லை.

ஆச்சியையும் ஐயனாரையும் வாசலுக்கு அழைத்துவந்து, இப்போது பாருங்கள் என்றான்.

கீழே 'விஷ்வா – ராஜப்ரியா'. மாடியில் 'முத்துக்கிருஷ்ணன் – அகிலா'.

ஐயனார் வாயைத் திறப்பதற்குள் வீரபாண்டியன் வெடித்தான். கம்பைலர் எழுதினவனுக்குக் கல்யாணமே நடக்கக்கூடாது, லிங்கர் எழுதினவனைப் பஸ் நிலையத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், எல்லாம் சரியாக இருக்கும்போது தப்பாக ஓட இதுகளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். ஆச்சி அவனுக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஐயனாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வீரபாண்டியன் மறுபடி மடிக்கணினியைத் திறந்தான். பட்டுச்சேலை சரசரக்க யாரோ அவசரமாகப் படியிறங்கி வந்து அதை மூடினார்கள். நிமிர்ந்தால், மாலையும் கழுத்துமாக ராஜப்ரியா.

"போதும்ணே, சரி பண்ணிறாதீக. நாங்க நாலு பேரும் பேசிவச்சுத்தான் பேரை மாத்தி அடிச்சு அனுப்புனோம். வீட்டுல வாயால சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியமில்ல."