ஆட்டுக்கொட்டில் கூரையில் ஒரு கைத்தொலைபேசி

வவுனியா,
2004 ஆனி.

பேரன்புமிக்க ஸக்கியா ராத்தா அவர்கட்கு,

தம்பி கலந்தர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் றிம்ஸியாவும் பிள்ளைகளும் சுகம். புத்தளத்தில் தாங்களும் மச்சானும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். நிற்க, இது நான் தங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். பயப்பட வேண்டாம். கைத்தொலைபேசி வாங்கியிருக்கிறேன். இலக்கத்தைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியுள்ளேன். இனி எதுவானாலும் கோல் எடுக்கவும்.

நான் ஸ்ரோர் கீப்பராக இருந்த நிவாரண நிறுவனம் திட்டம் முடிந்ததென்று மூடிக்கொண்டு போனது தாங்கள் அறிந்ததே. அதன் பிறகு வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம் எல்லாவற்றிலும் இந்த இலக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் ராத்தா, வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது, கிணத்தடியில மட்டும் எடுக்கும். அங்க கதிரையைப் போட்டுக் குந்தினா றிம்ஸியா, "நீங்க இதில இருந்தா பொம்பிளையள் நாங்க எப்பிடிக் குளிக்கிறது?" எண்டு கலைச்சுவிட்டா. பிறகு தேடிப் பாத்ததில ஆட்டுக்கொட்டில் கூரைக்கு மேல நல்லா எடுத்தது. ஏணியை வைச்சு, குடையும் பிடிச்சு அங்க இருக்கிறன். றோட்டால போற சனம் நான் கூரை மேயிறன் எண்டு நினைக்குது.

இந்தக் கதை பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்காவுக்குத் தெரிஞ்சு, இத்தாலியில இருக்கிற மகனுக்கு என்ர நம்பரைக் குடுத்திட்டா. அதைப் பாத்து எங்கட ஒழுங்கையில இருக்கிற வீடு முழுக்க வெளியில இருக்கிற தங்கட ஆக்களுக்குக் குடுத்திட்டுது. ஒருத்தருக்குக் கோல் வந்தா நான் இறங்கி ஓடிப்போய்க் கூட்டிவரவேணும். ஒரு வேலையும் இல்லாதவனுக்கு மூச்சு விட நேரமில்லை, ராத்தா.

போன கிழமை அக்காவுக்கு வரப்போற மருமகள் நிரோஜா முதல் தரம் கதைக்கப்போறா எண்டு, அக்காவே ஏணியில ஏறி வந்திட்டா. அந்த நேரம் பாத்து ஆடு அவிட்டுக்கொண்டு ஓட, போனை அவவிட்ட குடுத்திட்டு நான் ஆட்டுக்குப் பின்னால ஓடினன். திரும்பி வரேக்க மேல அக்காவின்ர சத்தம்.

"பிள்ளை, கோழிக்கறி வைப்பியோ? என்ர மோன் கோவக்காரன், சமாளிப்பியோ? ... என்ன? நாளைக்குக் காலமை வரச்சொல்லுறியோ? கலியாணத்துக்கு முந்தி அவனை வரச்சொல்ல உனக்கென்ன துணிவு!"

கட் பண்ணிப்போட்டு, "தம்பி, இந்தப் பெட்டை சரிவராது" எண்டா. வாங்கி நம்பரைப் பாத்தன். நான் கடைசியா விண்ணப்பம் போட்ட ஒப்பீஸ். திருப்பி எடுப்பம் எண்டா போனில காசில்லை.

வாறது வரட்டும் எண்டு அடுத்தநாள் சைக்கிளில போனன். மனேச்சர் ஒரு மிஸ். என்ர பேரைக் கேட்ட உடன, "எனக்குக் கோழிக்கறி வைக்கத் தெரியாது எண்டு உங்கட அம்மாவிட்ட சொல்லுங்கோ" எண்டா. எனக்குக் காது சுட்டுது. அக்காவின்ர கதை, கூரை, ஒழுங்கைச் சனம், எல்லாத்தையும் சொன்னன். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "இவ்வளவு சனம் வருது, நீங்க ஒண்டும் சொல்லுறேல்லையோ?" எண்டு கேட்டா.

"என்னத்தைச் சொல்ல, மிஸ்? எல்லாருக்கும் ஆரோ ஒராள் தூரத்தில இருக்கிறார்."

சிரிப்பு நிண்டிட்டுது. என்ர விண்ணப்பத்தை எடுத்துப் பாத்திட்டு, "அறிவிக்கிறம்" எண்டா. எல்லா ஒப்பீசிலும் சொல்லுற அதே சொல்லுத்தான். றிம்ஸியாவிட்ட இன்னும் சொல்லேல்லை.

ஆகவே ராத்தா, கடிதத்துக்கு முத்திரை தேடி அலைய வேண்டாம். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு எடுக்கவும், கூரை சுடாது. மச்சானுக்கு எங்கள் ஸலாமும் மருமக்களுக்கு முத்தங்களும். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரகத்தை நிறைத்து வைப்பானாக.

தங்கள் அன்புத் தம்பி,
கலந்தர்

பி.கு.: ராத்தா, கூரையில இருந்து உறையை ஒட்டேக்க கோல் வந்தது. வேலை கிடைச்சிட்டுது! திரும்பி வாற சனத்துக்கு வீடு கட்டுற இடத்தில ஸ்ரோர் கீப்பர். நாளைக்கே வெளிக்கிடவேணும், போனை அக்காவிட்ட குடுத்திட்டன். நான் போற இடத்தில சிக்னல் குடுக்கிற ரவரே இல்லையாம். அதால பின்பக்கத்து நம்பரை வெட்டிவிடுங்கோ, கடிதமே போடுங்கோ. இடம் தண்ணீரூற்று, தொண்ணூறில நாங்க விட்டிட்டு வந்த எங்கட ஊர். விலாசம் உங்களுக்குத் தெரியும், நீங்க பிறந்த வீடுதான்.