மனைவிக்காக வாங்கிய கிடார்

மனைவியிடம் பொய் சொல்லாமல் இன்னொரு கிடார் வாங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுதி எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லி வாங்கத் தைரியம் இல்லை. பொய்க்கும் உண்மைக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருந்தது. அதன் பெயர் பிறந்தநாள் பரிசு.

என்னிடம் ஏற்கெனவே ஒரு எலெக்ட்ரிக் கிடார் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிடாரைத் தொட்ட முதல் ஆளும் நானே. படிப்பில் தேறிவிட்டேன். கிடாரில் இன்னும் அரியர்.

குறை என்னிடம் இல்லை, கிடாரிடம் என்பது என் கட்சி. எனக்கு வேண்டியது சிக்னேச்சர் மாடல். ஒரு பெரிய கலைஞர் தன் கைக்கும் காதுக்கும் ஏற்றபடி சொல்லச் சொல்ல, கம்பெனிக்காரர்கள் அப்படியே செய்து, அவர் கையெழுத்தையும் பொறித்து விற்பது. என் அபிமானக் கலைஞரின் மாடலுக்குக் கழுத்து சற்றே பருமன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றே ஒன்று. மற்றவற்றை அவர் தொட்டதே இல்லையாம். உடம்பெல்லாம் வண்ணம் உரிந்த கீறல்கள்.

மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படத்தைக் காட்டினேன்.

"ஏங்க, செகண்ட் ஹேண்டா?"

"புதுசும்மா! அவர் இருபது வருஷம் வாசிச்சு விழுந்த கீறல். அதே மாதிரி ஃபேக்டரியிலேயே கீறித் தர்றாங்க."

"நம்ம சாப்பாட்டு மேஜையில இதைவிட நல்ல கீறல் இருக்கே. அதையும் வித்துடலாமா?"

"இங்க பாரு, அவரோட கையெழுத்து!"

"வாங்கறது நாம, கையெழுத்து அவரா?"

"உனக்குத்தாம்மா வாங்கறேன். பிறந்தநாள் பரிசு!"

மெஷின் நின்றது. அவள் ஒரு பார்வையிலேயே இடுப்பளவு சொல்லிவிடுவாள். அன்று என் முகத்தில் வேறெதையோ அளந்தாள்.

"நிஜமா எனக்கா?"

"உனக்குத்தான். நீ வாசிக்காத நேரத்துல நான் பார்த்துக்கறேன்."

"எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு! சரி, என் பரிசு, ஆர்டரை நானே போட்டுக்கறேன்."

இவ்வளவு சுலபமா! அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அலுவலகத்தில் என் வேலை, பிறர் நிரப்பிய படிவங்களில் பிழை கண்டுபிடிப்பது. அன்று எல்லோரையும் மன்னித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினேன். திருகு முழங்கையில் இடித்தது. மேலே இருக்க வேண்டிய தடித்த தந்தி கீழே இருந்தது. கலைஞரின் கையெழுத்து தலைகீழாகத் தொங்கியது.

"ஐயய்யோ, இது இடது கைக் கிடார்! கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான்!"

"அவன் சரியாத்தான் அனுப்பியிருக்கான். நான்தான் இடது கைன்னு போட்டேன்."

என் மனைவி இடது கைக்காரி. துணி வெட்டும் கத்தரிக்கோலைக்கூட இடது கைக்கென்றே தேடி வாங்கியவள். அந்தக் கத்தரிக்கோலோடு நான்கு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். எப்படி மறந்தேன்?

"திருப்பி அனுப்பிடலாம்."

"முடியாதுங்க. சொல்லிச் செஞ்சதைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். உங்களை மாதிரியே மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் சம்மதம்னு போட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"யாருக்கு வாங்கினது?"

வாயைத் திறந்தேன். பொய் சொல்வதில்லை என்ற உறுதி வேறு குறுக்கே நின்றது. மூடிக்கொண்டேன்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் உங்க கிடாரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கேன் தெரியுமா? எல்லாம் தலைகீழா இருக்கும். நமக்கு வராதுன்னு வெச்சுடுவேன்."

என் பழைய கிடாரை எடுத்துக்கொண்டேன். கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிடார்கள் இரண்டும் கழுத்தோடு கழுத்து முட்டிக்கொண்டன.

"எதிர்ல உட்காருங்க."

உட்கார்ந்தேன். அச்சு அசலாகக் கண்ணாடி பார்த்தது போல இருந்தது. நான் விரல் வைத்த இடத்தில் அவளும் வைத்தாள். சுருதி பிசகவில்லை.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை மூடிவிட்டுக் குரல் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் 'ஏங்க' கிடையாது.

"கண்ணாடி, வந்து உட்காருங்க! இன்னைக்காவது கொஞ்சம் வேகமா வாசிங்க, நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு."