கனடாவில் காயப்போட்ட கருவாடு

கருவாடு சுடும் வாசனை வந்தால் ஊரில் எல்லோருக்கும் பசிக்கும். எனக்கு மட்டும் வலது உள்ளங்கை அரிக்கும், எதையாவது ஓங்கி அழுத்த வேண்டும்போல இருக்கும். அடுப்பில் வாளைக் கருவாட்டின் முதல் துண்டு சுருண்டு புகை கிளம்பியதுமே வீட்டில் யாராவது என்னைத் திரும்பிப் பார்த்து, கதவெல்லாம் பூட்டியாச்சா என்று கேட்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். செய்த காரியம் அப்படி.

காரியம் நடந்த இடம் கனடா. அப்போது எனக்கு ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. குழித்துறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கவிதையா உரைநடையா என்று எனக்கே தெரியாத ஒன்றை எழுதுவது என் வியாதி. ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. (கல்யாண வீட்டில் மூன்று பந்தியிலும் என்னைப் பார்க்கலாம் என்பார் என் வீட்டுக்காரர். சாப்பிட அல்ல, சும்மா நடந்துகொண்டிருப்பேன்.)

இனயம் கடற்கரையில் மீன் விற்கும் என் அக்காவின் மகள் ஷைனி அப்போது கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரில் இருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். உள்ளே போனதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. வீடியோவில் பார்த்தால் வயிறு மட்டும் இருந்தது, ஷைனியைக் காணோம். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவள் சோறும் பலகாரமும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. ஷைனி கேட்டது ஒன்றே ஒன்று: அம்மை உப்புப் போட்டுக் காயவைத்த வாளைக் கருவாடு. அது மட்டும் உள்ளே தங்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. டாக்டருக்கு இல்லாத நம்பிக்கை.

அக்கா கருவாட்டை இரண்டு உறை போட்டுப் பொதிந்து என் கையில் வைத்தாள்.

"ஏட்டி, எனக்குப் போவ முடியல்ல. எனக்க கையாவது போவட்டும்."

புத்தியுள்ளவள் என்றால் நேராக வான்கூவரில் போய் இறங்கியிருப்பாள். நான் டொரன்டோவில் இறங்கினேன். அது நாட்டின் அந்தக் கோடி. அங்கிருந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்து, வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கி, தன்னந்தனியாக ஒரு தேசத்தைக் குறுக்கே கடந்து ஷைனியிடம் போய்ச் சேர்வது என் திட்டம். வயித்துப்பிள்ளைக்காரி காத்திருக்கும்போது ஊர் சுற்றிக்கொண்டா போகப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். கெட்டுப்போகாமல் இருக்கத்தானே அதற்குக் கருவாடு என்று பேர் என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மீன்காரிக்கே கருவாட்டைப் பற்றிப் பாடம்.

டொரன்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, கருவாடு இருக்கிறது என்று நானே சொன்னதைக் கேட்டு, உறையைக் கீறிப் பார்த்து, முகம் சுளிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டு, ஒட்டுநாடா போட்டுத் திருப்பித் தந்தார். அந்த ஒட்டுநாடாவை நான் நம்பினேன்.

பயணத்தைப் பற்றி நான் எழுதாததே இல்லை, ஆகவே இங்கே சுருக்கமாக. முதலில் ஒரு ஏரி. ஏரி என்று வரைபடம்தான் சொல்கிறது. அக்கரை தெரியவில்லை, அலை அடிக்கிறது, கப்பல் போகிறது. ஆனால் உப்பு வாசனை இல்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது உயிரில்லாத படம் மாதிரி இருந்தது. இறங்கிப்போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, தித்திப்பாக இருக்கவே பயந்து திரும்பி வந்தேன். அன்று இரவு முழுக்க மழை. காலையில் சொட்டச் சொட்டக் கூடாரத்தைச் சுருட்டிக் கார் டிக்கியில் எறிந்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரத்தில் ஒரு வரி வந்திருந்தது.

பிறகு சமவெளி. பூதப்பாண்டி வயல்களை ஒன்றோடொன்று தைத்துக்கொண்டே போய், தைக்கிறவர் வீட்டுக்குத் திரும்பாமலே செத்துப்போனால் எப்படியிருக்கும், அப்படி. சாலை திரும்பவே இல்லை. வானம் என் மடியில் வந்து உட்கார்ந்தது. காரை ஓரம்கட்டி "மேகமே, நீ யாருடைய மறதி" என்று எழுதினேன். (இன்றைக்கு வாசித்தால் உடம்பு கூசுகிறது. மறதி யாருடையது என்பது டிக்கியைத் திறந்தால் தெரிந்திருக்கும்.) ஈரக் கூடாரத்தை எடுக்கச் சோம்பி ராத்திரியும் காருக்குள்ளேயே தூங்கினேன். அங்கே ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. முதலில் மாட்டுப் பண்ணைகளைச் சந்தேகித்தேன். பிறகு வாடகைக் காரை. பிறகு என் செருப்பை.

மலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில்தான் டிக்கியைத் திறந்து கூடாரத்தை நகர்த்தினேன். ஒட்டுநாடா அவிழ்ந்து, மழைத்தண்ணீர் இறங்கி, கருவாடு பொதபொதவென்று ஊறிக் கிடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அக்கா உப்புத் தேய்த்த கை, வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்ட கை, என் அசட்டையால் அழுகப்போகிறது. ஆனால் நான் இனயத்துக்காரி. நனைந்த கருவாட்டுக்கு என்ன மருந்து என்பது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில். நல்ல வெயில்.

மலைக்குள் இருந்த கூடாரத் திடலில் வாசலிலேயே ஒரு வனக்காவலர் அம்மா நின்றாள். நெடுநெடுவென்று, நரைத்த பின்னலுடன். இது கரடிகள் வாழும் இடம், உணவுப்பொருள் எதுவும் வெளியே இருக்கக்கூடாது, சோப்பு, பற்பசைகூடக் கூடாது, எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். என் மாணவர்கள் என்னிடம் தலையாட்டுவார்களே, அதே மாதிரி தலையாட்டினேன். சொன்னபடியே செய்யவும் செய்தேன். ரொட்டி, ஜாம், பற்பசை, தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. கடமையை முடித்த நிறைவோடு, வீட்டுக்காரர் இடுப்பில் கட்டும் சாரத்தைக் காரின் முன்மூடிமேல் விரித்து, கருவாட்டை வரிசை வரிசையாகப் பரப்பினேன். என்ஜின் சூடு கீழே, சூரியன் மேலே. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை.

கருவாடு உணவுப்பொருள் இல்லையா என்று கேட்பீர்கள். அந்த அம்மாவும் பிறகு கேட்டாள். எங்கள் வீட்டில் சமைத்தால்தான் அது சாப்பாடு; அதுவரைக்கும் காய்கிற சாமான். காய்கிற சாமானுக்கு உலகில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. காக்கை. ஆகவே நான் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஒரு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன்.

காக்கையும் வந்தது. எங்கள் ஊர்க் காக்கையைவிட இரண்டு மடங்கு பெரியது. விரட்டினேன். மறுபடி வந்தது, மறுபடி விரட்டினேன். உலகம் முழுக்கக் காக்கை ஒன்றுதான் என்று ஒரு வரி எழுதலாமா என யோசித்துக்கொண்டு வானத்தையே பார்த்திருந்தேன். அப்போது புதர்ப்பக்கம் சரசரவென்றது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்களின் கருப்பு நாய் என்று எண்ணித் திரும்பாமலே கம்பை நீட்டினேன்.

"ஏலே, அங்கோட்டு போ சவமே."

போகவில்லை. திரும்பினேன். நாய்க்கு அவ்வளவு அகலமான முகம் இருக்காது.

வருஷக்கணக்காக ஆங்கிலம் கற்பித்தவள் அந்த நேரத்தில் ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் சொல்லவில்லை. மாதாவைக் கூப்பிட்டேன், பிறகு அக்காவைக் கூப்பிட்டேன், நாற்காலியோடு சேர்ந்து விழுந்து எழுந்து காருக்குள் பாய்ந்து எல்லாக் கதவையும் பூட்டினேன். கரடி அவசரப்படவில்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் காரின் மேல் வைத்தது. முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் நான். நடுவில் அக்காவின் கை.

கரடி என்னைப் பார்க்கவே இல்லை. பந்தியில் இலை போட்டதும் உட்காருகிறவர்களுக்கு ஒரு நிதானம் வருமே, அப்படி ஒரு நிதானத்தோடு மூக்கைத் தாழ்த்தியது. எனக்கு உயிர்ப்பயம் போய் வேறொரு பயம் வந்தது. எனக்கு முன்னால் தெரிந்தது ஷைனியின் ஒட்டிய கன்னம். என் கை தானாக ஸ்டியரிங்கின் நடுவில் போய் விழுந்தது.

அந்த நாட்டுக்குள் வந்ததிலிருந்து நான் ஹார்னே அடித்திருக்கவில்லை. அங்கே யாரும் அடிப்பதில்லை. அடக்கிவைத்த அத்தனையும் அன்று வெளியே வந்தது. மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எப்படி அடிப்போமோ அப்படி; குழித்துறைப் பாலத்தில் எதிரே லாரி வந்தால் எப்படி அடிப்போமோ அப்படி. மலை எதிரொலித்தது. கரடி காலை எடுத்தது. எங்கள் ஊருக்கு முதல்முறை வருகிற வெளியூர்க்காரர்கள் பார்ப்பார்களே, அதே மனவருத்தத்தோடு என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு காட்டுக்குள் ஓடியது. நான் நிறுத்தவில்லை. வனக்காவலர் அம்மா வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அது தின்றதா என்றுதான் கேட்டாள். ஒரு துண்டாவது? நன்றாக யோசித்துச் சொல். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மனிதர்களிடம் இரை கிடைக்கும் என்று ஒருமுறை ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி வரும், கார்களை உடைக்கும், ஆட்கள்மேல் பாயும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும். சுடுவது தன்னைப் போன்றவர்கள்தான். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. ஒரு கவிதைக்காரியின் அசட்டுத்தனத்துக்கு ஒரு காட்டு உயிர் போவதா?

இருவரும் குனிந்து பார்த்தோம். நான் பரப்பிய வரிசை கலையாமல் இருந்தது. சாரத்தின் ஓரத்தில் மட்டும் மூக்கின் ஈரம். அவள் நெடுமூச்சு விட்டாள். பிறகு, இதெல்லாம் இப்போதே குப்பைக்குப் போக வேண்டும் என்றாள்.

அப்போதுதான் நான் அழுதேன். ஏழாம் மாதம் என்றேன். ஒன்றும் தங்கவில்லை என்றேன். ஷைனியுடைய அம்மாவால் வர முடியவில்லை, இது மீன் இல்லை, அவள் கை என்றேன். எந்த இலக்கணமும் இல்லாத ஆங்கிலம். அவள் தன் வண்டிக்குப் போய், மூடியில் திருகு வைத்த ஒரு கனத்த டப்பாவை எடுத்து வந்தாள். கரடியால் திறக்க முடியாதது, வாசனையும் அதிகம் போகாது என்றாள். கையுறை மாட்டி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, என்னைவிட ஒழுங்காக அடுக்கினாள். காரின் மூடியைச் சோப்புப் போட்டுத் தானே கழுவினாள். சாரத்தை மட்டும் குப்பைக்கு வாங்கிக்கொண்டாள். மலை முடியும்வரை எங்கும் தங்கக்கூடாது, நேராக அந்தப் பிள்ளையிடம் போ என்று ஆணையிட்டாள். அத்தோடு என் கூடார வாழ்க்கை முடிந்தது. எந்தப் பயணத்திலும் நான் அவ்வளவு நன்றியோடு வெளியேற்றப்பட்டதில்லை.

வான்கூவரில் ஷைனி கஞ்சியோடு அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டாள். நானும் அவளும் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம், தங்குமா தங்காதா என்று. தங்கியது. மறுவேளையும் தங்கியது. அக்கா வீடியோவில் மகள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரடிக் கதையை முழுக்கச் சொன்னேன், ஹார்ன் உட்பட. முடித்ததும் அக்கா ஷைனியிடம் கேட்டது ஒன்றுதான்.

"உப்பு சரியா இருந்துதா மக்களே?"

ஷைனிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தில் நீளமாக ஒரு பேர் வைத்தார்கள். இனயத்தில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் கரடி. கருவாட்டைக் கண்டால் அவன் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தால் பேர் தப்பில்லை என்றுதான் தோன்றும்.

பிள்ளை பிறக்கும் முன்பே நான் ஊருக்குத் திரும்பிய அன்று ஷைனி வயிற்றைத் தாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியிருந்தது. உன் அம்மை வந்து பார்த்திருக்க வேண்டியது, நான் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டேன் என்றேன். அவள் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

"நீங்க வந்ததுதான் நல்லதாப் போச்சு சித்தி. அம்மை வந்திருந்தா, பாவம் அதுக்கும் பசிக்கும்னு கரடிக்கு ரெண்டு துண்டு எடுத்துப் போட்டிருப்பா."