ஏரிக்கரைக்கு இரண்டே நொடி

அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே, அருகே வாருங்கள்! அநீதி ஒன்று நடந்திருக்கிறது. சாட்சியாக வந்து நில்லுங்கள். இந்நூற்றாண்டின் ஈடிணையற்ற விஞ்ஞானி ஒருவர் திருத்தணி மலையின் நிழலில் வாழ்கிறார். உலகம் இன்றுவரை அவருக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை. சினம் தணிந்த தலம் என்று பெயர் பெற்ற ஊர் அது. ஆனால் இதை எழுதும் என் சினம் தணிந்தபாடில்லை.

அவர் பெயர் எழிலன். பொதட்டூர்பேட்டை செல்லும் சாலையில், ஏரியை ஒட்டிய தெருவில் வீடு. தாய் சின்னம்மாள். மனைவி அம்சாவுக்கு விசைத்தறிக்கூடத்தில் வேலை. எழிலனுக்கு வேலை, சிந்தனை.

சிந்தித்தார். தந்தை விட்டுச்சென்ற பழைய மோட்டார் சைக்கிளுக்கு டர்போ பூட்டுவதென்று முடிவெடுத்தார். அரக்கோணத்துக் காயலான் கடையில், உயிர்நீத்த டீசல் வேன் ஒன்றின் வயிற்றிலிருந்து அதை அறுத்தெடுத்து வந்தார். டர்போ என்பது யாது? என்ஜின் வெளியே தள்ளும் கழிவுப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரம் வெளிக்காற்றை வாரி என்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும். காற்று மிகுந்தால் வேகம் மிகும். கழிவையே கருவியாக்கும் தத்துவம்! பேசிய பேச்சின் காற்றிலேயே அடுத்த பேச்சைப் பேசிவிடும் நம் மேடைத் தலைவர்களுக்கு இது புதிதன்று. மோட்டார் சைக்கிளுக்குப் புதிது.

கழிவைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கழிவறையைவிடத் தகுந்த கூடம் ஏது?

அரசு மானியத்தில் அவ்வீட்டில் அண்மையில் ஓர் அறை எழுந்திருந்தது. குளியலறையும் கழிவறையும் ஒன்றாய் அமைந்த அறை. அதற்குச் செங்கல் சுமந்தவர் அம்சா. சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, கூரைக்கு மேல் நீண்ட காற்றுக் குழாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வீட்டிலேயே உட்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு. 'கண்டுபிடிப்பின் இரகசியம்' காக்க வேறென்ன வேண்டும்? திறந்த வாரத்திலேயே மோட்டார் சைக்கிள் உள்ளே குடியேறியது. நேராக நிற்க இடமில்லை, குறுக்காக நின்றது. கழிவறைப் பீங்கானின் மேல் பலகை, பலகையின் மேல் பின்சக்கரம். மாதர் இருவரும் வெளியேறினர். அவர்களுக்குத்தான் ஏரிக்கரை இருக்கிறதே!

விஞ்ஞானத்தின் அருமை அறியாத பெண்ணினம் விடிந்ததும் வந்து கதவைத் தட்டும்.

"பாவா! எம்மா நேரமா நின்னுகினு இருக்கேன். கதவத் தெறங்க."

"டர்போ மாட்டிகினு இருக்கேன் அம்சா. கொஞ்சம் அடக்கிக்க."

"நாங்க அடக்குனது போதும். நீங்க அந்த ஆசைய அடக்குங்க."

"உனக்குப் புரியாது. வெளிய போற கழிவக்கூட வீணாக்காம வேல வாங்கறேன். அதான் டர்போ."

"வண்டிக் கழிவுக்கு வூட்டுக்குள்ள ரூமு, மனுசக் கழிவுக்கு ஏரிக்கரையா? நல்லா கீது நாயம்!"

சின்னம்மாளின் வாதம் மருத்துவ அடிப்படையில் அமைந்தது.

"நைனா, என் மூட்டு அந்த மேட்டுல ஏற மாட்டேங்குதுடா. மழ பேஞ்சா வழுக்குது."

"வண்டி மட்டும் ரெடியாவட்டும்மா. ஏரிக்கரைக்கு ரெண்டே செகண்ட்ல உன்ன இட்டுனு போறேன்."

தாய்க்குலத்தின்மேல் கொண்ட அன்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கழிவறைக்குள் ஒரு வாகனம், அவ்வாகனம் எதற்கு? கழிவறை இல்லாதவர்களை ஏரிக்கரைக்கு ஏற்றிச் செல்வதற்கு! எண்ண எண்ணத் தலை சுற்றுகிறது. டர்போவும் அப்படித்தான் சுற்றுமாம்.

இந்நிலையில் துறை வந்தது. எந்தத் துறை என்று கேளாதீர்கள். எல்லாத் துறைக்கும் முகம் ஒன்றே. 'பயன்பாட்டுத் தணிக்கை' அலுவலர் திரு. தணிகாசலம் வந்து இறங்கினார். கட்டிய கழிவறையை மக்கள் பயன்படுத்துகின்றனரா என்று கண்டறிவது அவர் கடமை. தணிக்கை என்பது கதவைத் திறந்து பார்ப்பதன்று, மூடியிருப்பதைக் குறித்துக்கொள்வது.

"உள்ளே யாரும்மா?"

"எம் புள்ளதாங்க," என்றார் சின்னம்மாள்.

"எப்ப போனார்?"

"காலையில போனான்ங்க. வெளிய வர மதியம் ஆவும்."

"தினமுமா?"

"ஆங். சோறுகூட உள்ளதான் துன்றான்."

அலுவலர் அயர்ந்து போனார். அவ்வேளையில் உள்ளே இடிபோல் ஓர் உறுமல் எழுந்தது. கூரைக்கு மேலிருந்த குழாய் கரும்புகை கக்கியது.

"என்னம்மா இது சத்தம்?"

"அழுத்தம் ஏறலையாம்ங்க. முக்கிக்கினு கீறாரு," என்றார் அம்சா. "எங்கள உள்ளயே வுடறதில்லீங்க. நீங்களாவது கேளுங்க. உள்ள வண்டிய..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. வண்டியைப் பத்தித் துறை ஒண்ணும் கேக்கல."

அலுவலரின் அறிக்கை இப்படி அமைந்தது: "முழுநேரமும் பயன்பாட்டில் உள்ளது. பயன்படுத்துவதில் குடும்பத்தினரிடையே கடும் போட்டி நிலவுகிறது."

விளைவு? 'முன்மாதிரிக் கழிவறை' விருது! வாசலில் பந்தல், பந்தலில் பதாகை, பதாகையில் தணிகாசலத்தின் சிரிப்பு. வாழ்த்துரைக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். எழிலனோ, விருது டர்போவுக்கு என்றே நம்பினார். மைக்கைப் பிடித்தார்.

"அழுத்தம்தாங்க முக்கியம். உள்ள அழுத்தம் ஏறிச்சுன்னா வெளிய தானா தள்ளும். வெளிய தள்றது வேகமா இருந்தா, அடுத்தது இன்னும் வேகமா வரும்!"

தணிகாசலம் கண் கலங்கிக் கைதட்டினார். "சுகாதாரத்தை இவ்வளவு ஆழமா நான் யார்கிட்டயும் கேட்டதில்ல!"

இளநீர், மோர், பன்னீர் சோடா என்று வந்த எதையும் மறுத்து எவர் மனத்தையும் புண்படுத்தாத பண்பாளர் அவர். அந்தப் பண்பு இப்போது அடிவயிற்றில் பணியாற்றத் தொடங்கியது. தட்டிய கை மெல்ல வயிற்றுக்கு இறங்கியது.

"நாடாவை வெட்டி, நானே உள்ளே போய்த் தொடங்கி வைக்கிறேன்," என்று அறிவித்தார். அறிவிப்பில் ஓர் அவசரம் தெரிந்தது.

நாடா அறுந்தது. கதவு திறந்தது. முகப்பு விளக்குக் கண்ணை விரித்தபடி மோட்டார் சைக்கிள் அவரை வரவேற்றது.

"இது இன்னாய்யா?"

"டர்போ சார். இதுக்குத்தானே விருது?"

"கக்கூஸ் எங்கய்யா?"

"பின்சக்கரத்துக்கு அடியில சார்."

"எடுய்யா வெளிய!"

தெருவே கைகொடுத்தது. கைப்பிடியை ஒடித்துத் திருப்பி, வாலைத் தூக்கி, வண்டியையும் பலகையையும் வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். அறை காலி. அலுவலர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

படார்! உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரது? நான் தணிக்கை அலுவலர்!"

"ஆள் இருக்குது!" என்றது சின்னம்மாளின் குரல். அந்த மூட்டு அன்று காட்டிய வேகத்தை எந்த டர்போவும் காட்டியதில்லை.

அலுவலர் நெளிந்தார். கதவின் முன் அம்சா நின்றார்.

"வரிசையில வாங்க சார். அத்தைக்கு அடுத்து நானு. எனக்கு அடுத்து ஜெயம்மா அக்கா. அவங்க வூட்டு ரூம்ல வெறகு அடுக்கிக்கினு கீறாங்க. அவங்களுக்கு அடுத்து மோகனப்ரியா. அது வூட்டுல கோழி."

திரும்பிப் பார்த்தால், பந்தலுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றிருந்தனர். விருது விழாவில் கூட்டம் இவ்வளவு ஒழுங்காக நின்றதை நான் கண்டதில்லை.

எழிலன் வண்டியின் பின்னிருக்கையைத் தட்டினார். "ஏறுங்க சார். ஏரிக்கரைக்கு ரெண்டே செகண்ட்."

அலுவலர் ஏறினார். என்ஜின் இருமியது.

"கெளம்புய்யா!"

"பொறுங்க சார். அழுத்தம் ஏறணும்."

"எனக்கு ஏறிடுச்சுய்யா!"

வண்டி நகர்ந்தது, தவழ்ந்தது, பிறகு டர்போ விழித்துக்கொண்டது. பந்தல் கயிறு அறுந்தது. பதாகையிலிருந்த சிரிப்பு கிழிந்தது. அலுவலரின் பொன்னாடை வேப்பமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. பெருமக்களே, எழிலன் பொய் சொல்லவில்லை. இரண்டே நொடி!

ஏரிக்கரையில் அலுவலர் தம் பணிக்காலத்தின் முதல் 'கள ஆய்வை' மேற்கொண்டார். அங்கே மறைவு என்று சொல்ல ஒரு கருவேலம். அதிலும் இலை இல்லை. அமர்ந்தார். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் வந்தது. எழுந்தார். பஸ் போனது. அமர்ந்தார். செங்கல் லாரி வந்தது. எழுந்தார். இந்த உடற்பயிற்சியை அம்சாவும் சின்னம்மாளும் நாள்தோறும் செய்கின்றனர் என்பது எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

எழிலன் வெற்றி வீரராய்த் திரும்பியபோது அறைக்கதவில் புதிய பூட்டு தொங்கியது. சாவி அம்சாவின் முந்தானையில் இருந்தது.

"அம்சா, வண்டிய எங்க நிறுத்தறது?"

"ஏரிக்கரையில நிறுத்துங்க பாவா. ரெண்டே செகண்ட்ல போயிடலாமே!"

பெருமக்களே! விஞ்ஞானிக்குத் துண்டு போர்த்தாதது அநீதி என்றேன். அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்; முகத்தை மூடிக்கொள்ள நமக்கே தேவைப்படும். ஏரிக்கரைக்கு இரண்டு நொடியில் போகும் வண்டியைச் செய்யத் தெரிந்த நமக்கு, ஏரிக்கரைக்கே போகாமல் இருக்க ஒரு கதவைத் திறந்துவிடத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு உண்டு. அதன் பின்னே விறகு இருக்கும், கோழி இருக்கும், போன தேர்தலின் தட்டி இருக்கும், மாதர் முன்னேற்ற மாநாட்டில் மிஞ்சிய நாற்காலியும் இருக்கும். எழுங்கள்! படித்த கையோடு எழுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். வெளியே நிற்பவளை உள்ளே விடுங்கள். பொறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அழுத்தம் ஏறிவிட்டது.