சொம்புக்குள் சிக்கிய ஜனநாயகம்

நான் தேர்தலில் தில்லுமுல்லு செய்தவள். அப்போது எனக்குப் பத்து வயது (தண்டிக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்).

உத்திரமேரூர்ப் பக்கம் படித்த யாரிடமும் குடவோலை பற்றிக் கேட்டுவிடாதீர்கள், நிறுத்த மாட்டோம். ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுத்த ஊராயிற்றே! ஒரு குடியரசு தினத்தன்று எங்கள் பள்ளியிலும் மாணவர் தலைவரை அப்படியே தேர்ந்தெடுப்பதாக முடிவானது. ஜெயிப்பவர் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். அந்த இடத்துக்கு நான் உயிரையே விடத் தயார். என் பெஞ்சுக்காரி ரோசியும்தான்.

குடவோலை பற்றிய கல்வெட்டு விதிகளைக் கடகடவென்று ஒப்பித்ததால், ஓலை நறுக்கும் வேலை, எடுக்கும் வேலை இரண்டையும் டீச்சர் எனக்கே தந்தார். (எதுவும் அறியாத சிறுவன்தான் எடுக்க வேண்டும் என்ற விதியை மட்டும் ஒப்பிக்க ‘மறந்துவிட்டேன்’.) என் ஓலையின் நுனியில் ஒரு குட்டி முடிச்சு.

விழா நாள் காலையில் மண்குடம் உடைந்துபோக, அம்மாவின் பித்தளைச் சொம்பு வந்தது, குறுகிய கழுத்தோடு. கையை விட்டேன். முடிச்சு கிடைத்தது. கூடவே நாலைந்து ஓலைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். கை வரவில்லை.

“இன்னாடி பண்ணிக்கினு கீற?” கூட்டத்திலிருந்து அம்மா.

“கை வரலம்மா!”

“வுடுடி, வரும்!”

விட்டால் பதவி போய்விடுமே! டீச்சர் சொம்பைத் தட்டப் போனார். அம்மா ஓடி வந்தாள்.

“தட்டாதீங்க டீச்சர்! எங்கம்மா வூட்டு சீரு, நசுங்கிடும். இவ கை எப்டியாவது போவுது!”

வாலாஜாபாத்தில் அடுத்த கொடியேற்றத்துக்கு நேரமாகிவிட்ட சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்துவிட்டார். “கொடிக்கு வணக்கம்!” எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. பழக்க தோஷத்தில் என்னுடையதும், சொம்போடு.

டங்!

வலியில் விரல்கள் விரிந்தன. சொம்பு கழன்று உருண்டது. வியர்த்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு ஒரே ஓர் ஓலை வெளியே வந்தது. அதில் முடிச்சு இல்லை.

டீச்சர் பிரித்துப் படித்தார். “ரோசி!”

தேசிய கீதம் முடிந்ததும், என் நெற்றிப் புடைப்புக்குத் தண்ணீர் கொண்டுவர ரோசி சொம்பைக் கவிழ்த்து ஓலைகளைக் கொட்டினாள். முடிச்சுப் போட்டதை எடுத்துப் படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். சத்தமில்லாமல் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தலைவியாக அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

இன்றும் ஓட்டுப் போட அதே பள்ளிக்குத்தான் போகிறோம். மை வைக்க நான் விரலை நீட்டினால், “பாத்து சார், எதையாச்சும் புடிச்சா வுடமாட்டா!” என்று வரிசையில் இருந்து அம்மா கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ரோசி மட்டும் என் காதருகே குனிவாள்.

“மெஷின்ல முடிச்சு கீதான்னு தடவிப் பாத்து அமுக்குடி.”