மாமனாரைவிட ஒரு சிப்பி குறைவாக

வெண்டெலின் பை மறுபடியும் கனத்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, மூச்சு விடும் குழாயை வாயிலிருந்து பிடுங்கிவிட்டு, வலைப் பைக்குள் எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் ஏழு சிப்பிகள்தான் இருந்தன. இப்போது இருபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் ஓட்டின் விளிம்பில் வரிசையாக இருந்த குட்டி நீலக் கண்களால் அவனையே முறைத்தது.

"போச்சுடா," என்றான்.

ஸ்டீன்ஹாட்சிக் கடலுக்கு ஜூலை மாதம் சிப்பி அள்ள வருகிறவர்களில், பை நிறைகிறதே என்று கலங்கியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். காரணம், நோரீன். காலையில் வண்டியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பாவைவிட ஒரு சிப்பி குறைவா எடு. ஒண்ணு போதும். முன்னாடி நான் கூட்டிட்டு வந்த ட்ரெவர், அவரைவிடக் கால் வாளி அதிகமா எடுத்தான். அப்பா மூணு நாள் அவன்கிட்டப் பேசல. நாலாம் நாள் பேசினாரு. அதுக்கப்புறம் ட்ரெவர் என்கிட்டப் பேசல."

"அப்படி என்ன பேசினாரு?"

"தெரியாது. அவன் ஊரையே காலி பண்ணிட்டான். இன்னிக்கு சாயங்காலம் நம்ம கல்யாணத்தைப் பத்திக் கேக்கப்போறேன். சொதப்பிடாதே."

நோரீனின் அப்பா ஹார்லன் பீச்சம், காகித ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே இயந்திரங்களே அவரைக் கண்டால் சத்தத்தைக் குறைக்கும் என்று பேச்சு. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சொந்தப் படகை விற்றுவிட்டதால், இந்த வருஷம் கேப்டன் வெர்னாவின் படகில் வந்திருந்தார்கள். வெர்னா இடத்தைக் காட்டுவாள், நீருக்குள் ஆள் இருப்பதைக் காட்டும் கொடியை ஏற்றுவாள், பிறகு வேகவைத்த வேர்க்கடலையைத் தின்றபடி மேலே உட்கார்ந்துகொள்வாள்.

வெண்டெல் படகேறினான். ஏணியில் ஹார்லனின் பை தொங்கியது. அவர் முன்பக்கத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். வெண்டெல் சட்டென்று பதினைந்து சிப்பிகளை அள்ளி அவர் பைக்குள் தள்ளினான். நிமிர்ந்தால், வெர்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் உதட்டில் விரல் வைத்தான். அவள் தோளைக் குலுக்கி ஒரு கடலையை உரித்தாள்.

"நீங்கதானே என் பையில போடறீங்க?" என்று கிசுகிசுத்தான். "தயவுசெஞ்சு வேண்டாம், மேடம்."

"கண்ணு, நான் யார் பையையும் தொடறதில்லை. அவங்கவங்க சிப்பி, அவங்கவங்க பாடு."

பிறகு நோரீனைக் கேட்டான்.

"நானா? எனக்கே ஒம்பதுதான் கிடைச்சிருக்கு. நீ பொறுக்கறதை நீ நிறுத்து!"

"நான் பொறுக்கவே இல்லை நோரீன். சும்மா கடல்புல்லைப் பார்த்துக்கிட்டு மிதக்கறேன்."

"அப்போ அதுவா வந்து ஏறிக்குதா?"

அவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. ஓட்டைக் கைதட்டுவதுபோல் படபடவென்று அடித்துக்கொண்டு நீந்துகிற ஜென்மம்தானே அது.

அடுத்த தடவை இறங்கும்முன், பையின் அடியில் கத்தியால் ஒரு கிழி கிழித்தான். வந்தவை வந்த வழியே போகட்டும். நிம்மதியாகக் கால் மணி நேரம் மிதந்தான். பின்னாலிருந்து யாரோ பையைப் பிடித்து இழுத்தார்கள்.

"தம்பி," என்று தண்ணீரைத் துப்பினார் ஹார்லன். "பை கிழிஞ்சிருக்கு."

"ஐயோ, அப்படியா சார்?"

"கட்டிட்டேன். விழுந்ததையெல்லாம் பொறுக்கி உள்ள போட்டுட்டேன். பைமேல ஒரு கண்ணு இருக்கணும்."

முடிச்சு மேஸ்திரி முடிச்சு. பத்து நகமும் தோற்றன. பை முன்னைவிடப் பருத்திருந்தது.

ஆத்திரத்தில் படகேறி, பையின் வாயைத் திறந்து, மறுபக்கமாகக் கைநிறைய அள்ளிக் கடலில் வீசினான். சொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கூடவே ஒரு கெட்ட வார்த்தையும்.

ஹார்லனின் வழுக்கைத் தலை நீருக்கு மேலே வந்தது. அதன்மேல் ஒரு சிப்பி உட்கார்ந்திருந்தது.

"எவன்டா அது?"

"பெலிக்கன், சார்!" என்றான் வெண்டெல். "பெரிய பெலிக்கன். வாயிலேர்ந்து நழுவ விட்டுடுச்சு."

"ஆறு சிப்பியா?"

"பெரிய பெலிக்கன், சார்."

ஹார்லன் நெடுநேரம் காலி வானத்தைப் பார்த்தார். வெர்னாவுக்குக் கடலை புரையேறியது.

கரைக்குத் திரும்பியதும் தீர்ப்பு. மீன் கழுவும் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகள். ஹார்லன் தன் பையைக் கவிழ்த்தார். பாதி வாளி. வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தான். சலசலவென்று கொட்டும் சத்தம் நிற்கவே மாட்டேன் என்றது. கண்ணைத் திறந்தபோது வாளி முக்காலுக்கு மேல்.

ஹார்லன் இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தாடை இறுகியது. "ம்," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொலைபேசியை எடுத்தபடி வண்டியை நோக்கி நொண்டிக்கொண்டே நடந்தார்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், வெண்டெல்!" நோரீனுக்குக் குரல் உடைந்தது. "ஒண்ணே ஒண்ணு!" அவள் அப்பாவின் பின்னால் ஓடினாள்.

வெண்டெல் ஈரக்காலோடு படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டான். எந்த ஊருக்குக் குடிபோகலாம் என்று யோசிக்கத் தொடங்கினான்.

படகைக் கழுவிக்கொண்டிருந்த வெர்னா குழாயை மூடினாள்.

"எழுந்திரு கண்ணு, அவர் பொறுக்கினதையும் நீ அவர் பையில போட்டதையும் அவரு உன் பையிலேயேதான் போட்டுக்கிட்டிருந்தாரு, இந்த மாப்பிள்ளையையும் விரட்டிட்டு வந்தா கதவைத் திறக்கமாட்டேன், அவனை ஜெயிக்க விடுங்கன்னு அவரு வீட்டம்மா சொல்லி அனுப்பியிருக்காங்களாம், இப்போ ஜெயிச்சுட்டான்னு அவங்களுக்குத்தான் போன் பண்றாரு."