தவறட்டும் என்று வேண்டிக்கொண்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று முறைப்படி விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் பேசினால் மகள் காதில் விழும் என்பதால் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சென்ற மாதம் உன்னிடம் ஒரு பிரார்த்தனையை ஒப்படைத்தேனே, அதை உடனே நிறுத்திவிடு.

வேதியியலில் பட்டம் வாங்கிய பெண் பஸ் ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினால் நான் என்ன செய்வேன்? கனரக வாகன லைசென்ஸ் பரீட்சையில் அவள் தவற வேண்டும், ஆனால் அவமானப்படாமல் தவற வேண்டும், அவள் மேல் ஒரு கீறல் படக் கூடாது, தவறிய கையோடு அவளுக்குத் தெரியாமல் நான் விண்ணப்பித்திருந்த மருந்து ஆய்வகத்திலிருந்து வேலைக் கடிதம் வர வேண்டும், அதுவும் பகல் ஷிப்டாக, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் என்று உனக்கு எழுதியே அனுப்பினேன். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் நீயே முடிவு பண்ணிட்ட. கடவுள் கையெழுத்துப் போடற எடம் எங்க?" என்று கேட்டார். நான் உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. "நீ வந்தா தைரியமா இருக்கும்மா" என்று அவளே கூப்பிட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், பார்த்துக்கொள். மைதானத்தில் இரண்டு வரிசையாகத் தகர டிரம்கள். அவற்றுக்கு நடுவே, எதையும் இடிக்காமல் பஸ்ஸைப் பின்பக்கமாக எடுக்க வேண்டும். வரிசையில் நின்ற ஒருவர், "தங்கச்சி, டிரம்மைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?" என்றார். "எடம் சரியாத்தான் இருக்குண்ணே. நீங்க சாய்ச்ச ரெண்டை மட்டும் நிமித்தி வைங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அவ்வளவு பெரிய வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது, அக்கா. அவள் என் பேச்சை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. தவறட்டும், தவறட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த என் வாய், கடைசி டிரம்முக்கு ஒரு சாண் இருக்கும்போது தானாகவே ஜெயிக்கட்டும், ஜெயிக்கட்டும் என்று மாறிவிட்டது. கண்ணை இறுக மூடி, நெஞ்சில் கைவைத்து வேண்டினேன். டங் என்று சத்தம் கேட்டது.

இறங்கி வந்து டிரம்மைத் தானே தூக்கி நிறுத்தினாள். "பரவால்லம்மா, வா, டீ குடிக்கலாம்" என்றாள். மறுநாள் ஆய்வகக் கடிதமும் வந்துவிட்டது. பகல் ஷிப்ட், நடக்கிற தூரம், ஒன்றும் குறையவில்லை. "உனக்கு அதுதான் நிம்மதின்னா போறேம்மா" என்கிறாள். கேட்டதெல்லாம் கிடைத்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் வளர்த்தும், ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளைப் படைத்தவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் வியாழனன்று மறுபரீட்சைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இனி தவறட்டும் என்றும் கேட்காதே, ஜெயிக்கட்டும் என்றும் கேட்காதே. அவள் பெயரை மட்டும் சொல்லி, "உங்க இஷ்டம்" என்று எழுந்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. இன்னின்னது வேண்டும் என்று எதுவும் சேர்க்காத வெறும் ஆசி.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையில் போடுவதற்குள் மகள் என்னைத் தேடி நூலகத்துக்கே வந்து முழுவதையும் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "கண்ணாடியில உன்னைப் பாத்தேம்மா. கண்ணை மூடி நெஞ்சைப் புடிச்சுட்டு நின்னே. நீ மயங்கி விழப்போறியோன்னு திரும்பினேன், இடிச்சிருச்சு." ஆக, காரியத்தைக் கெடுத்தது தவறச் சொன்ன வேண்டுதல் இல்லை, ஜெயிக்கச் சொன்னதுதான். வியாழனன்று நான் வரவில்லை என்றேன். "வா. வெளியில நிக்காதே, பின் சீட்டுல ஒக்காரு. உன்னால வெயில்ல நிக்க முடியாதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட அன்னிக்கே கேட்டு வெச்சிட்டேன்" என்றாள். உட்காரப் போகிறேன். அவள் ஓட்டும்போது நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் வேண்டிக்கொள், அக்கா.